தெத்துப்பல்

அந்தப் பெண்ணின் அப்பா மாடிப்படி ஏறிவந்த சத்தத்திலேயே, அவர் போட்டோ எடுத்துக்கொள்ள வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் தயங்கித் தயங்கி ஏறுவார்கள். நடுவில் நின்று முடியைச் சரிசெய்துகொள்வார்கள். இவர் ஒரே மூச்சில் ஏறிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து, கையிலிருந்த போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இன்னாம்மா இது? என் பொண்ணு மூஞ்ச வெச்சி இன்னா வேல பண்ணிக்கினு கீற நீ?"

திரையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனரின் படம் இருந்தது. திருவள்ளூரில் ஏதோ ஒரு பல் ஆஸ்பத்திரியின் வாசலில் கட்டியது. அதில் முகம் இல்லை. மூக்குக்குக் கீழே, மோவாய்க்கு மேலே, வாய் மட்டும். ஒரே வாய், இரண்டு முறை. இடது பக்கம் 'முன்பு' என்று எழுதியிருந்தது, வலது பக்கம் 'பின்பு'. இடது பக்கத்து வாயில் மேல்வரிசைப் பல் ஒன்று பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. வலது பக்கத்தில் அந்தத் தெத்துப்பல்லைக் காணோம். எல்லாப் பற்களும் சோப்புக்கட்டிகளை அடுக்கினதுபோல ஒரே உயரத்தில், ஒரே வெள்ளையில் இருந்தன.

அந்த வாயை எனக்குத் தெரியும். நான் எடுத்த படம்தான்.

"நான் எடுத்ததுதாண்ணே. ஆனா நான் யாருக்கும் குடுக்கல."

"நீ குடுக்கலன்னா அப்பால எப்டி போச்சி? கால் மொளச்சி நடந்துகினு போச்சா?"

அவருக்குப் பின்னால், கடைசிப் படியில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற சீருடை, துப்பட்டாவின் ஒரு முனையால் வாயை மூடியிருந்தாள். அவள் பார்வையில் அப்பாவின் கோபம் இல்லை. காய்கறிக்காரரின் தராசைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போட்ட சத்தத்தைவிட அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை.

கவரைப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மொபைல் கடையின் மாடியில் இருக்கிறது என் ஸ்டூடியோ. அதற்கு முன்னால் திருவள்ளூரில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறவளாக இருந்தேன். கல்யாண சீசனில் மணப்பெண்களின் முகங்கள் வரிசையாக என் திரைக்கு வரும். மச்சத்தை எடு, கழுத்தை மெலிதாக்கு, நிறத்தை ஏற்று, பல்லை நேராக்கு. மாலைக்குள் எல்லாப் பெண்களும் அக்கா தங்கைகள்போல ஆகிவிடுவார்கள். அந்த வேலையில்தான் எனக்குச் சிரிப்புகளின் மேல் சந்தேகம் வந்தது. 'சிரிங்க' என்று சொன்னதும் வருகிற சிரிப்பில் வாய் ஒரு பக்கம் போகும், கண் புறப்படவே புறப்படாது. சொந்தமாகக் கடை போட்டபோது அந்த வார்த்தையைச் சொல்லுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நான் பெண் என்பதால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். வார விடுமுறையில், பையில் ஒரு புடவையோ கவுனோ மறைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். வாரம் முழுக்கத் தொப்பியும் மாஸ்க்கும் போட்டு நிற்கிறவர்கள். 'மாடல் மாதிரி', 'ஹீரோயின் மாதிரி' என்று கேட்பார்கள். கேட்கும்போதே யாரும் கேட்டுவிடவில்லையே என்று படிப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

இவளும் அப்படித்தான் வந்தாள். மோட்டார் வண்டிகளுக்குப் பாகம் செய்யும் கம்பெனியில், செய்துமுடித்ததில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அரக்கு நிறப் புடவை, கல் வைத்த தோடு, அன்றைக்கே வாங்கிய லிப்ஸ்டிக். முகம் கேமராவுக்கென்றே செய்த முகம். ஆனால் உதடு பிரியவே இல்லை. பிரிந்தால் கை மேலே வந்துவிடும்.

"வாய எதுக்கு மூடுற?"

"பல்லு அசிங்கமா கீதுக்கா. தெத்துப்பல்லு."

அழகாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பாதபோது முகம் இன்னும் இறுகும். விளக்கைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டே வீட்டில் யார் யார் என்று கேட்டேன். அப்பா ஸ்டீல் ரோலிங் மில்லில் இருக்கிறார் என்றாள். அவருக்கு மில்லின் சத்தத்தில் பேசிப் பேசி, போனிலும் கத்தித்தான் பேச வரும் என்றாள்.

"எப்டி கத்துவாரு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு, "இன்னாம்மா! நாஷ்டா துன்னியா! இன்னா துன்ன! இட்லியா! எத்தினி!" என்று கத்தினாள். கீழே மொபைல் கடையில் யாரோ நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். தன் குரலைத் தானே கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. கை மேலே வரவில்லை; வர மறந்துவிட்டது. ஒரு முடிக்கற்றை கன்னத்திலிருந்து வழுக்கி உதட்டோரத்தில் விழுந்தது. அப்போது அழுத்தினேன்.

கண்கள் பாதி மூடி, மூக்கு சுருங்கி, அந்தத் தெத்துப்பல் முதல் ஆளாக வெளியே வந்து நிற்கிற படம். நான் எடுத்த முகங்களில் அதுபோல இன்னொன்று இல்லை. அவளுக்குத் திரையில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இது நானாக்கா?" என்றாள். பிறகு, "இதுவே இருக்கட்டும்," என்றாள்.

அன்று சாயங்காலமே அந்தப் படத்தைத் திருத்தாமல் அப்படியே அவள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். பிறகு உதட்டோர முடிக்கற்றையை மட்டும் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டு, ஃப்ரேம் போட்ட பெரிய படத்துக்காகக் காக்களூரில் இருக்கும் பிரிண்ட் லேபுக்குக் கொடுத்தேன். பல்லைத் தொடவில்லை. சில வாரங்களில் அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆனது என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை திருவள்ளூர்க்காரர், காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்றார்கள். படம் பார்த்துத்தான் பிடித்துப்போனதாம் என்று கீழே மொபைல் கடைக்காரரின் மனைவி சொன்னபோது எனக்கு உள்ளூரக் கர்வமாகக்கூட இருந்தது.

இப்போது அந்தப் படத்தின் வாய் மட்டும் ஒரு பல் ஆஸ்பத்திரி வாசலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு பெண் அதைப் பார்த்து, போனில் பிடித்து, கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'இது நம்ம ஆளு பல்லுதானே' என்று எழுதியிருக்கிறாள். கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக.

"நானே போய் விசாரிக்கிறேண்ணே," என்றேன் அப்பாவிடம்.

"நீ போயி இன்னா விசாரிப்ப? போயி நீயும் அவனுங்களும் பேசி ஒண்ணாப் பூடுவீங்க. இவளும் வரட்டும் உன்கூட. எனக்கு ஷிஃப்ட்டு கீது, இல்லன்னா நானே வந்துடுவேன்."

அவள் படியிறங்கினாள். என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு வண்டியை விட்டேன். கண்ணாடியில் அவ்வப்போது அவளைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவளும் கண்ணாடி வழியே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது சந்தேகம் லேப்காரரின் மேல். வேறு யார்? படத்தின் பெரிய ஃபைல் என்னைத் தவிர அவரிடம்தான் இருந்தது. அவர் ஃபிளெக்ஸும் அடிப்பார். எங்கள் பழைய ஸ்டூடியோவில் என்னோடு வேலை செய்தவர், நான் தனியாகக் கடை போட்டபோது ஒன்றிரண்டு கல்யாண ஆர்டர்களை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். ஆனால் ஒருமுறை இன்னொருவர் எடுத்த குழந்தைப் படத்தை அவர் ஒரு பிறந்தநாள் பேனரில் சேர்த்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போது விளையாட்டாக எடுத்துக்கொண்டது, இப்போது வண்டியின் வேகத்தோடு சேர்ந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. காக்களூர் போய்ச் சேர்வதற்குள் அவர்தான் திருடன் என்று முடிவே செய்துவிட்டேன்.

அவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கோயில் திருவிழா பேனரை உருட்டிக்கொண்டிருந்தார். படத்தை நீட்டினேன். பார்த்தார்.

"இது நான் அடிச்சது இல்ல."

"ஃபைலு உங்ககிட்டதான இருந்துச்சி?"

"இருந்துச்சி. இப்பவும் கீது. அதுக்கு?"

"அந்தக் கொழந்த படம் மாதிரி..."

அவர் உருட்டுவதை நிறுத்தினார். என் பின்னால் நின்ற பெண்ணை ஒரு முறை பார்த்தார். அவள் முன்னால் இதைக் கேட்டதுதான் அவருக்கு அதிகம் சுட்டிருக்க வேண்டும்.

"என்ன சந்தேகப்பட்டு இவ்ளோ தூரம் வண்டி ஓட்டிக்கினு வந்தியா நீ? அதுவும் சாட்சிக்கு ஆள இட்டுக்கினு?"

"சந்தேகம் இல்ல, கேட்டுட்டுப் போலாம்னு..."

"கேட்டுட்ட இல்ல? கெளம்பு."

திரும்பவும் பேனரை உருட்ட ஆரம்பித்தார். அந்த முதுகைப் பார்த்தபோதும்கூட, குற்றமுள்ளவன்தான் இவ்வளவு கோபப்படுவான் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அந்தப் பெண் முதன்முறையாக வாய் திறந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சிக்கினீங்களாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் அவரைச் சந்தேகப்பட, அவர் என்னை விரட்ட, இவளோ அது எல்லாமே தனக்காகப் போட்ட நாடகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வண்டியை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு எதிரில் இருந்தது. போனில் பார்த்ததைவிடப் பேனர் பெரிது. வாய் ஒவ்வொன்றும் ஒரு ஆள் கை விரித்தால்தான் அளக்க முடியும். அவள் துப்பட்டாவை இழுத்து இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டாள். பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் எதேச்சையாக எங்களைப் பார்த்தார்கள். அவள் எனக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

நான் பேனருக்கு நேர்கீழே போய் அண்ணாந்து பார்த்தேன். இடது வாயின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. முதலில் ஃபிளெக்ஸ் மடிப்பு என்று நினைத்தேன். கூர்ந்து பார்த்தபோது தெரிந்தது. முடிக்கற்றை. அவள் சிரித்தபோது கன்னத்திலிருந்து வழுக்கி விழுந்தது.

லேபுக்குக் கொடுத்த படத்தில் அந்த முடி கிடையாது. நான்தான் எடுத்துவிட்டேனே. முடியோடு இருந்த படம் என் கம்ப்யூட்டரிலும் இவள் போனிலும் மட்டும்தான் இருந்தது.

லேப்காரரின் முதுகு நினைவுக்கு வந்தது. ஆனால் மறுநொடியே என் சந்தேகம் திசைமாறி இவள் பக்கம் போய்விட்டது.

"பாரு, அந்த முடி. லேபுக்குக் குடுத்ததுல அது இல்ல. இது நான் உனக்கு வாட்ஸ்அப்புல அனுப்புன படம். நீ யாருக்காச்சும் அனுப்புனியா?"

"இல்ல."

"யோசிச்சிச் சொல்லு."

"யாருக்கும் அனுப்பலன்னு சொல்றேன்ல?"

சொன்ன வேகத்தில் ஏதோ இருந்தது. மூடிய வாய்க்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. பேனரில் வாய் மட்டும், எதிரில் கண்கள் மட்டும். அந்தக் கண்கள் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தன. இவள் எதையோ மறைக்கிறாள் என்று தெரிந்தது. உள்ளே போனோம்.

வரவேற்பு மேசையில் ஒரு இளம்பெண் இருந்தாள். பேனரில் இருப்பது இவள் வாய் என்று நான் சொன்னதும், வரவேற்புப்பெண் துப்பட்டா மூடிய முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, நீங்கதானா மேடம்? உங்க ஊட்டுக்காரரு... இல்ல, மாப்ள... அவரு வந்து சொல்லிட்டாரே," என்றாள்.

"இன்னா சொன்னாரு?" என்றாள் இவள்.

"கல்யாணத்துக்குள்ள அந்தப் பல்ல நேராக்க முடியுமா, எத்தினி மாசம் ஆவும்னு போட்டோ காட்டிக் கேட்டாரு மேடம். டாக்டரு பாத்துட்டு, அந்த போட்டோவ நம்ம நம்பருக்கு அனுப்பச் சொன்னாரு. கம்ப்யூட்டர்ல நேராக்கி, பின்னாடி எப்டி இருப்பாங்கன்னு காட்டுவோம். அவருக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சி. அப்பதான் பேனருக்கு யூஸ் பண்ணிக்கலாமான்னு கேட்டோம். மூஞ்சி தெரியாதுன்னா ஓகேன்னாரு. கன்சல்டிங் ஃபீஸு வாணாம்னு டாக்டரு சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்றாள்.

துப்பட்டா அவள் வாயிலிருந்து தானாக இறங்கியது. பிடிக்க மறந்துவிட்டாள். உதடுகள் மூடித்தான் இருந்தன.

வெளியே வந்ததும் அவள் மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். பேக்கரியில் இருக்கிறேன், வா என்று மட்டும் சொன்னாள். காக்களூரிலிருந்து வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நாங்கள் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அவருக்கு மட்டும்தான் அனுப்புனேன்," என்றாள் தலைநிமிராமல். "நிச்சயம் பண்றதுக்கு முன்னாடி. நானே அனுப்புனேன். எங்க நைனாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும். அதான் இல்லன்னேன்."

டீயை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவன் சீருடைச் சட்டையோடு வந்தான். உயரமான, திருத்தமான ஆள். அவளைப் பார்த்ததும் சிரித்தான். நல்ல வரிசைப் பற்கள். அந்தச் சிரிப்பு என்னையும் கண்டதும் அப்படியே நின்றுவிட்டது. போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"இவங்க யாரு?"

"போட்டோ எடுத்த அக்கா. பல்லு டாக்டருகிட்ட என் போட்டோவக் காட்டுனியா?"

"எந்தப் போட்டோ?"

அவள் கையை நீட்டித் தெருவுக்கு அந்தப் பக்கம் காட்டினாள். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அதா... அது உன்னுதுன்னு யாருக்குத் தெரியும்? மூஞ்சியே போடக்கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லிட்டேன்."

"எங்க கம்பெனி ஃபுல்லா தெரியும்."

"சரி விடு, எடுக்கச் சொல்றேன். இதுக்குப் போயி லீவு போட்டுக்கினு வந்தியா? நான் உன் நல்லதுக்குத்தான் கேட்டேன். எங்கம்மாவும் சொன்னாங்க. கல்யாண ஆல்பம், வீடியோ எல்லாம் லைஃப் லாங் இருக்கும். ஒரு சின்ன கரெக்‌ஷன்தான்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீ ஃபீல் பண்ணுவ."

"அந்தப் போட்டோ ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொன்னியே. அதப் பாத்துத்தான் ஓகே சொன்னேன்னு சொன்னியே."

"புடிச்சிதான் இருந்துச்சி. அதுக்குன்னு அப்டியே வுட்டுடுறதா?"

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க எதுக்கு இவங்கள இட்டுக்கினு இங்க வந்தீங்க? எங்க குடும்ப விஷயத்துல உங்களுக்கு இன்னா வேல? உங்க போட்டோ ஸ்டூடியோல இன்னா இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

என்ன நடக்கிறது என்று நினைக்கிறான் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் சொன்ன அந்த வாக்கியம் பின்னால் ஊர் முழுக்கச் சுற்றும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவள் எழுந்து சாலையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த வாட்ச்மேன் ஏணியோடு வெளியே வந்தார். கட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். பேனர் ஒரு பக்கம் சரிந்து, 'முன்பு' மட்டும் சற்று நேரம் காற்றில் ஆடியது. பிறகு அதுவும் விழுந்தது. வாட்ச்மேன் அதை உருட்டப் போனபோது அவளே வாங்கி, எழுத்து உள்ளே போகும்படி உருட்டி, துப்பட்டாவால் கட்டினாள். இனிமேல் வாயை மூடத் துப்பட்டா இல்லை. அவனுக்கு எதிரிலேயே என் வண்டியில் ஏறி, அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியிலும் கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.

அவள் அப்பா மறுநாள் வந்தார். இம்முறை செருப்பைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"எல்லாம் சொல்லிச்சி பொண்ணு," என்றார். சாதாரணமாகப் பேசுவதாக நினைத்துத்தான் கத்தினார். "அந்தப் பையன் பண்ணது தப்புதான். ஆனா நீ அந்த போட்டோவ எடுக்காம இருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? சொல்லு."

"அவ கேட்டதாலதாண்ணே எடுத்தேன்."

"அவ சின்னப் பொண்ணு, கேப்பா. நீ பெரியவ. வாய மூடுன மாதிரி எடுத்திருக்கலாம்ல?"

பிறகு சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். தன் மகள் எங்காவது இருக்கிறாளா என்று தேடுகிறார் என்று புரிந்தது. இல்லை என்று உறுதியான பிறகுதான் இறங்கிப்போனார்.

கல்யாணம் முதலில் தள்ளிப்போனது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார், பல்லைப் பற்றி இனிப் பேச்சே எடுக்கமாட்டோம் என்று சொன்னார்களாம். அவள், ஏற்கனவே எடுத்துவிட்டீர்களே என்று சொன்னாளாம். அதோடு முடிந்தது. இதெல்லாம் மொபைல் கடைக்காரரின் மனைவி வழியாக எனக்கு வந்த செய்தி.

அதே அம்மா வழியாக இன்னொன்றும் வந்தது. பல்லுக்காக எந்தப் பெண்ணாவது கல்யாணத்தை நிறுத்துவாளா, வேறு ஏதோ 'ஒரு மாதிரி' போட்டோ இருக்கிறது, அது மாப்பிள்ளை கண்ணில் பட்டுவிட்டது, அதை மறைக்கத்தான் பல் கதை என்று பேசிக்கொள்கிறார்களாம். "அப்டி ஒண்ணும் இல்லதானே?" என்று அந்த அம்மாவே என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் கடைக்கு மேலேதான் நான் தினமும் உட்கார்ந்திருக்கிறேன். என் டீயை அவர் வீட்டிலிருந்துதான் வாங்கிக் குடிக்கிறேன்.

வார விடுமுறைகளில் பையில் புடவை மறைத்துக் கொண்டுவரும் பெண்கள் நின்றுபோனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் துணைக்கு அம்மாவையோ அண்ணனையோ கூட்டிவந்தார்கள். அண்ணன்கள் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் எந்தப் பெண் சிரிப்பாள்? பாஸ்போர்ட் சைஸ் படங்களும் மஞ்சள் நீராட்டு விழாக்களும் எடுத்துப் பொழுதை ஓட்டினேன். லேப்காரருக்குப் போன் செய்தேன். எடுத்தார். தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். "சரிம்மா," என்றார். வேலை கொடுத்தால் மெஷின் ரிப்பேர் என்றார். அடுத்த முறையும் ரிப்பேர்தான். இப்போது நான் சென்னைக்கு அனுப்பிப் பிரிண்ட் போடுகிறேன்.

எனக்குள்ளும் ஏதோ கெட்டுப்போயிருந்தது. எவளாவது கேமரா முன்னால் நன்றாகச் சிரித்துவிட்டால், அழுத்துவதற்கு முன்னால் ஒரு நொடி, இது எங்கே போய்ச் சேரும் என்று ஓடும். அந்த ஒரு நொடியில் சிரிப்பு போய்விடும். என் தொழிலில் அந்த நொடிதான் எல்லாமே.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு பகல்வேளையில் அவள் வந்தாள். தனியாக. கொஞ்சம் மெலிந்திருந்தாள். துப்பட்டா தோளில் இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, என் போட்டோ எல்லாத்தையும் அழிச்சிடுங்க. என் கண்ணு முன்னாடி."

என் முகம் எப்படி மாறியதோ, அவள் சேர்த்துச் சொன்னாள்: "நீங்க தப்பு பண்ணலன்னு தெரியும். ஆனா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. எங்கியோ இருந்துகினே இருக்குன்னு தோணுது."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் பெயரில் இருந்த ஃபோல்டரைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு திரை முழுக்க வந்தது. சுருங்கிய மூக்கு, உதட்டோர முடி, முதல் ஆளாக வந்து நிற்கிற பல். இருவரும் அதைப் பார்த்தோம். இது ஒன்றையாவது விட்டுவிடேன் என்று கேட்க வாய்வரை வந்தது. இந்த ஸ்டூடியோவில் நான் செய்த ஒரே நல்ல வேலை இதுதான் என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் அவளுக்கு என்மேல் மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிருக்கும். அழித்தேன்.

"குப்பத்தொட்டில இருக்கும்ல, அதையும்?"

அதையும் காலி செய்தேன்.

"வேற எங்கயாச்சும் காப்பி?"

ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டி, அதிலிருந்ததையும் அழித்தேன். மெமரி கார்டை உருவி அவள் கையிலேயே கொடுத்தேன். என் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, அவளுக்கு அனுப்பியதையும் அழித்துக் காட்டினேன். ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தாள். கம்பெனியில் பழுது பார்க்கிறவளின் கண்கள்; எதையும் தவறவிடாது. எல்லாம் முடிந்த பிறகும் அவள் முகம் தெளியவில்லை. ஐந்தாவதாக ஒரு இடம் இருக்குமோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். லேபிலும் மாப்பிள்ளை போனிலும் இருப்பது என் கைக்கு எட்டாது; என்னிடம் வேறு இடம் இல்லை. ஆனால் அதை நான் எப்படி நிரூபிப்பது?

"ஃப்ரேம் போட்டது ஊட்டுல இருக்கா?" என்று கேட்டேன்.

"நைனா அத பீரோ மேல திருப்பி வெச்சிருக்குது. அந்த பேனர எடுத்துப் போயி வெறகு மேல போத்திடுச்சி. மழைக்கு நல்லா தாங்குச்சாம்." இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இளகியது.

கிளம்பப்போகிறாள் என்று நினைத்தேன். கதவுவரை போனவள் திரும்பி, தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல ஒண்ணு எடுங்கக்கா. இதுல மட்டும்."

கேமராவைத் தொடவில்லை. விளக்குகளையும் போடவில்லை. ஜன்னல் பக்கம் நிற்கச் சொன்னேன். ரயில்பாதைப் பக்கமிருந்து வந்த வெளிச்சம் போதுமானதாக இருந்தது. அப்பா எப்படிக் கத்துவார் என்று இந்த முறை கேட்கவில்லை. கேட்டால் அது தந்திரம் என்று அவளுக்குத் தெரியும். சும்மா காத்திருந்தேன். அவள் முதலில் லென்ஸைப் பார்த்தாள், பிறகு அதற்கு மேலே என் கண்களைப் பார்த்தாள். வெகுநேரம் அப்படியே. என்னைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள். நானும் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் என்ன நினைத்தாளோ, உதடு ஒரு பக்கமாகப் பிரிந்தது. பழைய படத்தின் பொங்கிவந்த சிரிப்பு இல்லை. இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டே சிரிக்கிற சிரிப்பு. ஆனால் கண்ணும் கூடவே வந்தது. கை மேலே போகவில்லை. ஒருமுறைதான் அழுத்தினேன்.

போனை உடனே வாங்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, திரையைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. திரையில் ஏதோ செய்தாள். வைத்துக்கொண்டாளா, அழித்தாளா என்று தெரியவில்லை.

"வண்டிக்கு நேரமாச்சு. வரேன்க்கா," என்று சொல்லிப் படியிறங்கினாள்.